கரண்டைத் தொட லைசென்ஸ் வேணும். குடிக்கிற தண்ணியைத் தொட வேணாமா?

செல்லிப்பட்டில் நடந்த மக்கள் சந்திப்பில் நமது கட்சியின் தொகுதிப் பொறுப்பாளர் பேசியது. நேரில் வர முடியாத சொந்தங்களுக்காக, பேசிய நடையிலேயே இங்கே பதிவிடுகிறோம். முழுவதும் படியுங்கள். வீட்டில் ஆர்.ஓ. மெஷின், சாஃப்ட்னர் வைத்திருக்கும் உறவுகளுக்கு அவசியம் பகிருங்கள்.

 

சுருக்கமா பேசறேன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அதனால அதைச் சொல்லலை. ஆனா இன்னிக்கு யாரையும் திட்டப் போறதில்லை. தண்ணியைப் பத்தி மட்டும்தான் பேசப் போறேன்.

ஒரு கேள்வியில ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டுக்குப் புதுசா கரண்ட் கனெக்‌ஷன் வாங்கப் போறீங்க. ஒயரிங் முடிச்சு, உரிமம் வாங்கின மின் ஒப்பந்ததாரர் சோதனை பண்ணி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். அப்பதான் துறையில இணைப்பு கிடைக்கும். ஏன்? தப்பா ஒயர் இழுத்தா உயிர் போகும். சரியான சட்டம்தான்.

கேன் தண்ணி விக்கிறவருக்கும் லைசென்ஸ் உண்டு. கேன் மேல உணவுப் பாதுகாப்புத் துறையோட 14 இலக்க எண் இருக்கணும். குடிநீர்னு எதைச் சொல்லலாம் என்பதற்கு ஐ.எஸ். 10500 தரநிலை இருக்கு. வீட்டு ஆர்.ஓ. மெஷின் எப்படி இருக்கணும்னு சொல்ல ஐ.எஸ். 16240 இருக்கு. போர் போடணும்னா கேள்வி கேட்க நம்ம புதுச்சேரியிலேயே 2002ஆம் வருஷத்து நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கு.

கரண்டுக்கு இருக்கு, கேனுக்கு இருக்கு, மெஷினுக்கு இருக்கு, போருக்கு இருக்கு. ஆனா உங்க வீட்டுக்குள்ள வந்து, நீங்க குடிக்கிற குழாயை அறுத்து, அதுல ஒரு மெஷினைச் சொருகி, உப்பைக் கொட்டி, பணத்தை வாங்கிட்டுப் போறாரே ஒருத்தர், அவருக்கு என்ன இருக்கு? தேர்வு கிடையாது. உரிமம் கிடையாது. நாளைக்கு ஒண்ணு ஆனா எங்க போய்த் தேடறதுன்னு ஒரு பதிவு எண் கிடையாது. ஒரு பை, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருந்தா போதும், அவர் 'வாட்டர் ட்ரீட்மென்ட் எக்ஸ்பர்ட்'.

நான் சொல்றது மிகையா? இங்க நிக்கிற அக்காமார்களே சொல்லட்டும். சாயங்காலம் நாலு மணிக்கு டை கட்டிக்கிட்டு ரெண்டு பசங்க வருவாங்க. "ஃப்ரீயா தண்ணி டெஸ்ட் பண்றோம் மேடம்." ரெண்டு டம்ளர் கேட்பாங்க. ஒண்ணுல உங்க குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவங்க கொண்டு வந்த தண்ணி. கம்பி வச்ச ஒரு கருவியை ரெண்டுலயும் விட்டு கரண்டைப் போடுவாங்க. அரை நிமிஷத்துல உங்க தண்ணி செம்மண் குட்டை மாதிரி ஆயிடும், மேல நுரை கட்டும். அவங்க தண்ணி அப்படியே பளிங்கு மாதிரி நிக்கும். "இதைத்தான் உங்க குழந்தைக்குக் கொடுக்குறீங்களா மேடம்?" அந்த ஒரு வார்த்தைக்குத் தாய் மனசு தாங்குமா? அன்னிக்கே அட்வான்ஸ், மாசா மாசம் இ.எம்.ஐ.

உண்மை என்னன்னு கேளுங்க. அந்த அழுக்கு உங்க தண்ணியில இருந்து வந்ததில்லை. அந்தக் கருவியோட இரும்புக் கம்பி கரைஞ்சு வந்த துரு அது. தண்ணியில தாது உப்பு இருந்தா கரண்ட் பாயும், இரும்பு கரையும். ஆர்.ஓ. தண்ணியில உப்பு கிடையாது, கரண்ட் பாயாது, கம்பி கரையாது, அவ்வளவுதான். அடுத்த தடவை வந்தா, அவங்க டம்ளர்ல ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுட்டு மறுபடியும் அந்தக் கருவியை விடச் சொல்லுங்க. அதுவும் குட்டை ஆகும். பசங்க முகம் எப்படி ஆகுதுன்னும் பாருங்க. (அந்தப் பசங்களை நான் குறை சொல்லலை. நம்ம ஊர்ப் புள்ளைங்கதான், கமிஷனுக்கு ஓடுறாங்க. அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்து அனுப்புறவனைத்தான் சொல்றேன்.)

அடுத்தது டி.டி.எஸ். மீட்டர். பேனா மாதிரி இருக்குமே, அதேதான். அது தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு மட்டும்தான் சொல்லும். நல்ல உப்பா கெட்ட உப்பான்னு அதுக்குத் தெரியாது. இளநீர்ல விட்டா ஆயிரக்கணக்குல காட்டும். அதுக்காக இளநீர் விஷமா? அதே நேரம், கிருமி இருந்தா அதுக்குத் தெரியவே தெரியாது. 2022 ஜூலையில நம்ம காரைக்கால்ல காலரா பரவுச்சு. பொது சுகாதார அவசரநிலை அறிவிச்சாங்க, பள்ளிக்கூடம் மூணு நாள் மூடினாங்க. காலராக் கிருமி கலந்த தண்ணியில அந்தப் பேனாவை விட்டா, '180, ரொம்ப நல்ல தண்ணி'ன்னு காட்டினாலும் காட்டும். அப்படி ஒரு கருவியை வச்சுக்கிட்டு நம்ம வீட்டுக்கு எந்த மெஷின் வேணும்னு ஒருத்தர் முடிவு பண்றார்.

இப்ப என் வீட்டுக் கதையையும் சொல்லிடறேன். வீடு கட்டி முடிச்சதும் போர் தண்ணி கடினம். குழாயெல்லாம் வெள்ளை பூத்துப் போச்சு, சோப்பு நுரைக்கலை, ஹீட்டர் காயில் போயிடுச்சு. ஒரு கம்பெனிக்காரர் வந்தார், சாஃப்ட்னர் மாட்டினார். மேல்தொட்டியில இருந்து இறங்குற மெயின் குழாயிலேயே மாட்டிட்டார். துணி சூப்பரா வெளுத்துச்சு, எங்களுக்கும் சந்தோஷம். எங்க அம்மாவுக்கு பி.பி. உண்டு. ஒரு நாள் டாக்டர், "சாப்பாட்டுல உப்பைக் குறைச்சீங்களா?"ன்னு கேட்டார். "குறைச்சாச்சு சார்." "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" அப்பதான் எனக்கே உறைச்சுது.

சாஃப்ட்னர் உப்பை எடுக்காது, மாத்தும். தண்ணியில இருக்கிற சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் பிடிச்சுக்கிட்டு, அதுக்குப் பதிலா சோடியத்தை விடும். கணக்குச் சொல்றேன். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தா, சுமார் 46 மில்லிகிராம் சோடியம் உள்ளே வரும். 400 இருக்கிற தண்ணின்னா லிட்டருக்கு 184. மூணு லிட்டர் குடிச்சா 550க்கு மேல. ஒரு நாளைக்கு மொத்தமே 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல கால்வாசிக்கு மேல வெறும் தண்ணியிலேயே போயிடுது. எல்லாருக்கும் இதனால ஆபத்துன்னு நான் பயமுறுத்தலை. ஆனா பி.பி. இருக்கிறவங்க, கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க, இதய நோயாளிங்க இருக்கிற வீட்டுல இதைச் சொல்லணுமா இல்லையா?

இதுக்குத் தீர்வு என்ன தெரியுமா? சமையலறைக் குழாயை மட்டும் சாஃப்ட்னருக்கு முன்னாடியே தனியா பிரிச்சு விடணும். ஒரு டீ, பத்தடி பைப்பு, ஒரு மணி நேர வேலை. எங்க தெருவுல இருக்கிற பிளம்பர் தம்பி வந்து சில நூறு ரூபாயில முடிச்சுக் கொடுத்துட்டார். மாட்ட வந்தவருக்கு அது தெரியலை. இல்லை, தெரிஞ்சும் செய்யலை. ரெண்டுல எது மோசம்னு நீங்களே சொல்லுங்க. அந்தக் கம்பெனி நம்பர் இப்ப உபயோகத்துல இல்லை.

சரி, இது என் வீடு, என் தலையெழுத்துன்னு விட்டுடலாம். ஆனா தப்பா மாட்டினா பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து. இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க, இந்த இடம்தான் முக்கியம்.

மெஷின்ல இருந்து கழிவுத் தண்ணி போக ஒரு சின்ன ட்யூப் வரும். அதை எங்க விடுறாங்க? சாக்கடைக் குழிக்குள்ள, அழுக்குத் தண்ணியில முங்குற மாதிரி சொருகிட்டுப் போயிடறாங்க, பார்வைக்கு அசிங்கமா தெரியக் கூடாதுன்னு. மெஷினை நேரா ரோட்டுக் குழாய் இணைப்புல மாட்டியிருந்தா? நம்ம ஊர்ல 24 மணி நேரமா தண்ணி வருது? காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். தண்ணி நின்னதும் குழாய்க்குள்ள அழுத்தம் இறங்கும். அந்த நேரம் பார்த்து யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சினா, குழாய் எங்கெங்க ஓட்டை இருக்கோ அங்கேருந்தெல்லாம் இழுக்கும். திரும்பி வராம தடுக்கிற வால்வு இல்லைன்னா, சாக்கடையில முங்கியிருக்கிற அந்த ட்யூப் வழியாவும் இழுக்கலாம். உங்க வீட்டு சாக்கடை அடுத்த வீட்டுக் குழந்தையோட டம்ளருக்குப் போகும்.

தடுக்கிறது கஷ்டமா? இல்லவே இல்லை. ட்யூப் முனைக்கும் சாக்கடைக்கும் நடுவுல நாலு விரக்கடை இடைவெளி விட்டு, தண்ணி காத்துல விழுற மாதிரி வைக்கணும். ஒரு தடுப்பு வால்வு மாட்டணும். தெரிஞ்சவன் அஞ்சு நிமிஷத்துல செய்வான். தெரியாதவன் கையில கொடுத்தா தெருவே படுக்கும்.

இதனாலதான் சில நாடுகள்ல இந்த வேலையைச் சாதாரணமா விடலை. அமெரிக்காவுல மின்னசோட்டான்னு ஒரு மாநிலம். அங்க தண்ணியை மென்மையாக்குற, பதப்படுத்துற கருவியை வீட்டுக் குழாயில இணைக்கிறதுக்குன்னே தனி ஒப்பந்ததாரர் உரிமம் வச்சிருக்காங்க. தேர்வு எழுதித் தேறின ஒரு மூத்த தொழிலாளி பொறுப்புல இருக்கணும். பிணைத் தொகைக்கு உத்தரவாதம் கொடுக்கணும், காப்பீடு காட்டணும். டெக்சாஸ்ல வேலையைப் பொறுத்து மூணு வகுப்பா உரிமம். வீட்டு வேலைக்கு ஒண்ணு, தொழிற்சாலை வேலைக்கு இன்னொண்ணு. அமெரிக்கா பண்ணிட்டா நாமும் பண்ணணும்னு நான் சொல்லலை. அங்க அவன் தண்ணி 24 மணி நேரமும் அழுத்தத்தோட வருது. அவனுக்கே இவ்வளவு எச்சரிக்கை. விட்டு விட்டு வர்ற நமக்கு எவ்வளவு இருக்கணும்?

நம்ம நாட்டுல ஒண்ணுமே நடக்கலையான்னா, நடந்திருக்கு. 2019 மே மாசம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஒரு உத்தரவு போட்டுச்சு. டி.டி.எஸ். 500க்குக் கீழ இருக்கிற தண்ணிக்கு ஆர்.ஓ. வேண்டாம், கழிவாப் போற தண்ணியைக் குறைக்கணும், 60 சதவீதமாவது குடிதண்ணியா வரணும்னு சொன்னாங்க. 2023 நவம்பர் 10ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நீர் சுத்திகரிப்புக் கருவிகளுக்குன்னு விதிகளை வெளியிட்டு, ஒரு வருஷம் கழிச்சு அமலுக்கு வரும்னாங்க. நல்லது, வரவேற்போம். ஆனா அந்த அக்கறையெல்லாம் மெஷினைச் சுத்தியும் கழிவைச் சுத்தியும்தான். மாட்டுற கைக்கு ஒரு தேர்வு, ஒரு உரிமம்னு யாரும் கொண்டு வரலை. உங்க தண்ணி டி.டி.எஸ். 300தான், உங்களுக்கு ஆர்.ஓ.வே தேவையில்லைன்னு வாசப்படியில நின்னு சொல்ல வேண்டியவர் யாரு? அதை வித்தாத்தான் கமிஷன்னு வந்து நிக்கிற அதே ஆள்.

இந்த இடத்துல நம்ம ஊர் நிலைமையையும் பார்க்கணும். சங்கராபரணி ஓடுற ஊர் இது. செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் நடுவுல பிரெஞ்சுக்காரன் காலத்துப் படுகை அணை 2021 வெள்ளத்துல உடைஞ்சதை நீங்க கண்ணால பார்த்தவங்க. ஆத்துல தண்ணி நின்னாத்தான் சுத்துப்பட்டுக் கிணத்துல ஊறும். அப்படி ஊறி வர்ற தண்ணியில, ஒரு லிட்டர் குடிக்க மூணு லிட்டரைச் சாக்கடையில விடுற மெஷினை, தேவையே இல்லாத வீட்டுல மாட்டினா அது யார் சொத்து போகுது? சாஃப்ட்னரைக் கழுவுற உப்புத் தண்ணியைத் தென்னை மரத்தடியில விடுறாங்க, பழைய கிணத்துல விடுறாங்க. பாகூர் பக்கம் கடலோரத்துல ஏற்கெனவே கடல் உப்பு உள்ள வருதுன்னு கவலைப்படறோம். நாமளே மூட்டை மூட்டையா உப்பு வாங்கி நிலத்துல கரைச்சு விடறோம்.

அதனால நாங்க என்ன கேட்கிறோம்? புதுச்சேரியில வீட்டுக் குடிநீர்க் குழாயில கருவி மாட்டுற, சர்வீஸ் பண்ற ஒவ்வொருத்தருக்கும் பதிவும் உரிமமும் வேணும். விக்கிறதுக்கு முன்னாடி தண்ணியை ஆய்வகத்துல சோதிச்ச முடிவு, தமிழ்ல, வீட்டுக்காரர் கையில இருக்கணும். அது விக்கிறவரோட சொந்த ஆய்வகமா இருக்கக் கூடாது. கடினத்தன்மை எவ்வளவு, இரும்பு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, கிருமி இருக்கா, எல்லாம் அதுல வரணும். அப்புறம் கழிவுக் குழாய் எப்படி விடணும், குடிக்கிற குழாயை எப்படிப் பிரிக்கணும்னு கையால செஞ்சு காட்டுற தேர்வு. எழுத்துத் தேர்வு மட்டும் வச்சா மனப்பாடம் பண்றவன் பாஸ், வேலை தெரிஞ்சவன் ஃபெயில். கம்பெனி நடத்துறவங்க ஒரு பிணைத் தொகை கட்டணும், ஓடிப் போனா அதுல இருந்து மக்களுக்கு நஷ்டஈடு. மாட்டின மெஷின் மேலயே உரிம எண் ஒட்டியிருக்கணும்.

சட்டம் போட அதிகாரம் இருக்கான்னு சிலர் கேட்பாங்க. தண்ணியும் பொது சுகாதாரமும் மாநிலப் பட்டியல்ல இருக்கு. 1963ஆம் வருஷத்து யூனியன் பிரதேச அரசுகள் சட்டப்படி நம்ம சட்டசபை அதுல சட்டம் இயற்றலாம். 2002ல நிலத்தடி நீருக்குப் போட்டதும் இதே சபைதான்.

இன்னொரு கேள்வி வரும். அது நியாயமான கேள்வி. கூட்டத்துக்கு முன்னாடியே ஒரு தம்பி என்கிட்ட கேட்டார். "அண்ணே, லைசென்ஸ்னு ஒண்ணு வந்தா அதுக்கு ஒரு லஞ்சம் வரும். பெரிய கம்பெனி கட்டிடுவான். ஐ.டி.ஐ. முடிச்சுட்டு பைக்குல பையை மாட்டிக்கிட்டு ஓடுற நான் எங்க போவேன்?" அந்தத் தம்பி கேட்டது சரி. அதுக்குப் பதில் சொல்லாம இந்தக் கோரிக்கையை வைக்க எனக்கு உரிமை கிடையாது.

தம்பி, உரிமக் கட்டணம் உன் ஒரு நாள் கூலியைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே தொழில் பண்றவங்களுக்கு அவகாசம் கொடுத்து, அரசு ஐ.டி.ஐ.யிலேயே சாயங்கால வகுப்பு வச்சு, இலவசமா பயிற்சி கொடுக்கணும். பிணைத் தொகை கம்பெனிக்குத்தான், தனியா உழைக்கிற தொழிலாளிக்கு இல்லை. விண்ணப்பம் போட்டு இத்தனை நாளைக்குள்ள பதில் வரலைன்னா உரிமம் கொடுத்ததா அர்த்தம்னு சட்டத்துலயே எழுதணும். மேஜையில ஃபைல் தூங்கினாத்தானே லஞ்சம்? அப்படி ஒரு சட்டம் வந்தா அது உனக்குத்தான் கவசம். இன்னிக்கு டை கட்டின ஆள் மாட்டிட்டுப் போன தப்பை, நீதான் ஐநூறு ரூபாய்க்கு வந்து சரி பண்ற. உன் பேரு எங்கேயும் இல்லை.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். உரிமத்தைக் காட்டி அரசாங்கம் கை கழுவ விட மாட்டோம். கிராமத்துல எல்லா வீட்டுக்கும் குழாய் கொடுத்தாச்சுன்னு 2021லேயே அறிவிச்ச பிரதேசம் நம்மோடது. குழாய் வந்தது உண்மை. அதுல வர்றது பயமில்லாம குடிக்கிற தண்ணியா இருந்தா, இந்த மெஷின் வியாபாரமே பாதிக்கு மேல படுத்துடும். நம்ம அரசாங்கத்தோட சின்னம் எது? ஆயி மண்டபம். தன் வீட்டை இடிச்சுக் குளம் வெட்டினதா சொல்ற ஒரு பொண்ணோட பேர்ல நிக்கிற மண்டபம். ஒவ்வொரு அரசுக் காகிதத்துலயும் அந்தச் சின்னத்தை அச்சடிக்கிறவங்களுக்குத் தண்ணியைப் பத்தி நாம நினைவூட்ட வேண்டியிருக்கு.

சட்டம் வர்ற வரைக்கும் என்ன பண்றது? யாராவது வந்து இலவச டெஸ்ட்னு சொன்னா, முதல்ல நம்ம ஊர்ல களப் பரிசோதனைப் பெட்டி யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க. ஜல் ஜீவன் திட்டத்துல ஒவ்வொரு கிராமத்துலயும் அஞ்சு பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கணும்னு இருக்கு. பயிற்சி நடக்கலைன்னா அதையும் என்கிட்ட சொல்லுங்க. பில் இல்லாம பணம் கொடுக்காதீங்க, பில்லுல மெஷின் மாடலும் மாட்டினவர் பேரும் எழுதி வாங்குங்க. சாக்கடையில முங்கியிருக்கிற ட்யூப்பை இன்னிக்கு ராத்திரியே வெளியில எடுத்துக் கட்டுங்க. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா 1915க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். ரெண்டு வருஷத்துக்குள்ள நுகர்வோர் ஆணையத்துல வழக்குப் போடலாம். கொடுத்த பணம் அஞ்சு லட்சம் வரைக்கும்னா நீதிமன்றக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாம நீங்களே போய்ப் பேசலாம்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு இதே இடத்துல நம்ம தோழர்கள் உட்கார்ந்திருப்பாங்க. மெஷின் வாங்கின பில், ஏ.எம்.சி. கட்டின ரசீது, இ.எம்.ஐ. அட்டை, எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. ரசீதே கொடுக்கலைன்னா மெஷினை போன்ல போட்டோ எடுத்துட்டு வாங்க, கழிவு ட்யூப் எங்க போகுதுன்னு அதையும் சேர்த்து எடுங்க. ஒவ்வொண்ணையும் எழுதி, மனுவோட இணைச்சு சட்டசபையில கொடுக்கப் போறோம். கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போறவங்களை விட, போட்டோவோட வர்றவங்கதான் எங்களுக்கு வேணும். பாட்டி, உங்க வீட்டுக்கு நானே வந்து எடுத்துக்கறேன், நீங்க நடந்து வர வேண்டாம்.